கோடை முகாமுக்கு யார் சமைப்பது?

மே மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டதும் தமிழ்நாட்டுத் தேவாலய வளாகங்களில் பந்தல் எழும்பும். வி.பி.எஸ். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளி பெரும்பாலும் பத்து நாள் நடக்கும். பாட்டு, அபிநயம், கதை, வசன மனப்பாடம், கைவேலை, நடுவே பிஸ்கட்டும் ஒரு டம்ளர் சர்பத்தும், கடைசி நாளில் பெற்றோர் முன்னால் கலைநிகழ்ச்சியும் பரிசளிப்பும். கத்தோலிக்கப் பங்குகளில் கோடைக்கால மறைக்கல்வி வகுப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், கல்லூரி விடுமுறைக்கு ஊர் வந்த வாலிபர்கள், செவிலியர் படிப்பில் இருக்கும் பெண்கள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள் என்று சபையின் உழைப்பெல்லாம் அந்தப் பத்து நாளில் இறங்கும். விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரிலோ, அங்கிருந்து திண்டிவனம் வரை கரும்பும் மணிலாவும் நெல்லுமாக விரியும் சிற்றூர்களிலோ ஒரு சபையின் தன்னார்வலர்கள் இப்படியொரு முகாமைப் புதிதாகத் தொடங்க நினைத்தால், முதல் கூட்டத்தில் பாடப் புத்தகத்தைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும்தான் பேசுவார்கள். அவற்றுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன. முகாம் எந்த இடத்தில் நடக்கும், எந்தத் தெருப் பிள்ளை யாரோடு ஒரே குழுவில் இருக்கும், மதியச் சோற்றை யார் சமைப்பார்கள். இந்த மூன்றிலும் சாதியைத் தாண்டும் முடிவை முதல் ஆண்டிலேயே எடுக்காத முகாம், இருபதாம் ஆண்டிலும் எடுக்காது என்பதே என் வாதம்.

இத்தகைய முகாம்கள் பிறந்த கதையே இதற்குத் துணை நிற்கிறது. 1877-இல் பென்சில்வேனியாவில் ஷெர்மன் என்ற சிற்றூரின் போதகர் வில்லார்ட் பார்சன்ஸ், நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் கோடையில் வாடிய பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் வைத்துக்கொள்ளும்படி தன் சபையாரைக் கேட்டார். சபையார் தங்கள் வீட்டுக் கதவையே திறந்தார்கள். 1880-இல் ஜார்ஜ் ஹின்க்லி என்ற போதகர் தன் சபையின் ஏழு சிறுவர்களைக் கூடாரத்தில் தங்க அழைத்துப்போனார். தேவாலயம் நடத்திய முதல் கோடை முகாம் அதுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1898-இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, தெருவில் அலைந்த பிள்ளைகளுக்காக வாடகைக்கு எடுத்தது ஒரு பீர் விற்கும் கூடத்தை. நம் ஊர்களில் இன்று நடக்கும் வி.பி.எஸ்.-இன் முன்னோடிகளில் ஒன்று அந்தக் கூடம். மூவரும் சபையின் தேவையை முன்னால் வைக்கவில்லை. பிள்ளைகள் கோடையில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப இடத்தைத் தேர்ந்தார்கள். ஹாஸ் அம்மையார் தேவாலயத்துக்குள்ளேயே வகுப்பை வைத்திருந்தால், ஏற்கெனவே தேவாலயத்துக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளே வந்திருப்பார்கள். இடத்தைத் தேர்ந்தபோதே யாருக்கான முகாம் என்பதும் முடிவாகிவிட்டது.

நம் பகுதிப் பிள்ளைகள் கோடையில் எங்கே இருக்கிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தபோது, கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தில் அது 72-ஐக்கூட எட்டவில்லை. மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பெற்றோர் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட, பாட்டியின் பொறுப்பில் விடப்படும் பிள்ளைகள் இங்கே நிறைய. 1956-இல் காமராஜர் தொடங்கி 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நாட்களுக்கானவை. விடுமுறை வந்தால் அடுப்பு அணைந்துவிடும். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதற்குக் காரணம் இதுதான். விடுமுறை என்பது ஏழைக் குழந்தைக்குப் பசி கூடும் காலம் என்று நீதிமன்றமே கண்டுகொண்ட பிறகு, பிஸ்கட்டோடு நிற்கும் முகாம் போதாது. முழுச் சாப்பாடு போடும் முகாம் வேண்டும். முழுச் சாப்பாடு என்றதும் அடுப்பும் பந்தியும் வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் அடுப்பும் பந்தியும் வரும் இடத்தில் சாதியும் வந்து உட்காரும்.

இந்த மாவட்டத்தில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 1978-இல் விழுப்புரம் நகரத்திலேயே நடந்த கலவரத்தில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டார்கள். 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், தலித் மக்கள் உள்ளே போவதை ஒட்டி எழுந்த தகராறில் பூட்டி முத்திரையிடப்பட்டது. கோயில் விவகாரம் நமக்கென்ன என்று சபையார் நகர்ந்துவிட முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இறையூரில், 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே செபமாலை சொல்கிறவர்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. சீர்திருத்த சபைகளின் வரலாறும் இதிலிருந்து தப்பவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிவேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையாரில் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். 1850களில் லைப்சிக் மிஷன் சாதிக்கு இடம்கொடுத்ததை எதிர்த்து அதிலிருந்து பிரிந்த கார்ல் ஓக்ஸ், தென்னாற்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் தனி நிலையம் அமைத்தார். அந்த நிலையத்திலிருந்து வளர்ந்தது டேனிஷ் மிஷன். அதன் வாரிசு இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஆக, இந்தப் பகுதியில் ஒரு பெரிய சபை வேர்விட்டதே சாதியைப் பற்றிய ஒரு சண்டையில்தான். அந்த வேரை இந்தச் சபைகளின் வாலிபர்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

பந்தி ஒரு நிறுவனத்தை எப்படி ஆக்கும், எப்படி உடைக்கும் என்பதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடங்கிய இரண்டு தமிழ் முயற்சிகளே போதும். 1922-இல் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் தமிழ் குருகுலத்தைத் தொடங்கினார். தேசப்பற்றும் தமிழ்ப்பற்றும் தியாகமும் அவரிடம் குறைவில்லாமல் இருந்தன. பொதுமக்களின் நன்கொடையும் வந்தது. ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்கள் தனியே உண்ண இடம் கொடுக்கப்பட்டது. வெளியே தெரிந்ததும் காங்கிரசுக்குள் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்விகளில் குருகுலம் நிலைகுலைந்தது. 1925-இல் ஐயர் பொறுப்பை விட்டு விலகினார். அதே ஆண்டு பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய அந்தத் தகராறுக்குப் பாடத்திட்டம் காரணமில்லை. உணவு பரிமாறிய இடம் காரணம். குருகுலத்துக்கு ஓராண்டு முன்னால், 1921-இல், திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் ஏர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் சம்பளம் வாங்காதவர்கள், கதர் உடுத்தியவர்கள். தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டார்கள். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் ஆளப்படும் இனத்தவருக்குத் தம்பியாக இருப்பது அன்று சிறிய காரியமில்லை. சட்டமறுப்புக் காலத்தில், 1932-இல், கதர் உடுத்திச் சென்னைத் தெருவில் நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்தது. அந்த ஆசிரமம் மரியாதையின் ஏற்பாட்டை முதல் நாளிலேயே தலைகீழாக்கிவிட்டுத் தொடங்கியது. பிறகு அதைத் திருத்த வேண்டிய தேவை வரவில்லை. நல்லெண்ணத்தில் இரண்டு நிறுவனங்களுக்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது. முதல் நாள் ஏற்பாட்டில்தான் வேறுபாடு.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்டால் காரியம் முடிந்ததா? முடியாது என்று காட்டியது ஒரு கோடை முகாம்தான். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒரு முகாமில் தங்கவைத்தார். குழுக்களுக்கு இடையே போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார். சில நாட்களில் ஒரு குழு இன்னொரு குழுவின் கொடியை எரித்தது, அறையைச் சூறையாடியது. பகையைத் தணிக்க இரு குழுவையும் ஒரே உணவுக்கூடத்தில் உட்காரவைத்தபோது உணவை ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். பகை தணிந்தது எப்போது என்றால், முகாமுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டு இரு குழுவும் சேர்ந்து தேடியபோது, நின்றுபோன லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தபோது. இந்த ஆய்வில் ஷெரிஃப் குழுவினரே சிறுவர்களைத் தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. அந்த விமர்சனத்தை எழுதிய ஜீனா பெரி வெளிக்கொண்டுவந்த இன்னொரு செய்திதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முந்தைய ஆண்டில் ஷெரிஃப் இதே சோதனையை வேறொரு முகாமில் நடத்தித் தோற்றார். அங்கே சிறுவர்களைப் பிரிப்பதற்கு முன் சில நாள் ஒன்றாகப் பழகவிட்டிருந்தார். பழகிய பிள்ளைகளைப் பிறகு எவ்வளவு தூண்டியும் பகைக்கவைக்க முடியவில்லை.

நம் வி.பி.எஸ். நடைமுறையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து மனப்பாட வசனத்துக்கும் வருகைக்கும் புள்ளி போட்டு, கடைசி நாளில் வென்ற குழுவுக்குப் பரிசு கொடுப்பது நம் வழக்கம். குழுவைத் தெருவாரியாகவோ, அண்ணன் தங்கை சேர்ந்திருக்கட்டும் என்று உறவுவாரியாகவோ பிரித்தால், காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் இடையே இருக்கும் போட்டிக்கு நாமே புள்ளிப்பலகை தயாரித்துக் கொடுக்கிறோம். இந்தியாவிலேயே இதற்குச் சோதனை நடந்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளியல் ஆய்வாளர் 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் தொடர் நடத்தினார். பல சாதியார் கலந்த அணியில் ஆடியவர்களுக்குப் பிற சாதியில் நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் இருந்த பிற சாதியாரோடு மோதியவர்களிடம் அந்தப் பலன் இல்லை, நேர்மாறான விளைவே தெரிந்தது. டெல்லியின் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்த பிறகு வசதியான பிள்ளைகளிடம் பாகுபாடு குறைந்து கொடைக்குணம் கூடியதைக் கௌதம் ராவ் காட்டியிருக்கிறார். தனியே எந்த ஆய்வும் நமக்கு வேதவாக்கில்லை. ஆனால் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது, ஒரே வேலைக்குத் தோள் கொடுக்க வேண்டும். எனவே பந்தியைவிட முக்கியம் பந்திக்குப் பின்னால் இருக்கும் அடுப்பு. ஊர்த்தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் சேர்ந்து வடித்த சோற்றை, இரண்டு தெருப் பிள்ளைகளும் கலந்த குழு முறைவைத்துப் பரிமாற வேண்டும். அந்தக் குழுவே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பந்தி முடிந்ததும் இலை எடுக்க வேண்டும். யார் இலையை யார் எடுப்பது என்பதில்தான் நம் ஊரின் ஏற்பாடு முழுவதும் இருக்கிறது. முறை மாறி எல்லாப் பிள்ளையும் எல்லார் இலையையும் எடுக்கும் பத்து நாளை ஒரு குழந்தை அனுபவித்துவிட்டால், எந்தப் பிரசங்கமும் அதற்கு ஈடாகாது.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்பகுதியின் பல சபைகள் நடைமுறையில் ஒரு தெருவின் சபைகளாகவே இருக்கின்றன. ஆலயமே அந்தத் தெருவுக்குள்தான் நிற்கும். அங்கே முகாம் வைத்தால் மற்றத் தெருப் பிள்ளை வராது, வர விடமாட்டார்கள். அரசுப் பள்ளி வளாகம், ஏரிக்கரையில் வேப்பமரம் நிற்கும் பொதுவிடம், ஊராட்சிக் கட்டடம் என்று எல்லோரும் கால்வைக்கக் கூடிய இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதிகாரிகள் எளிதில் கொடுக்கமாட்டார்கள், மதச் சார்புள்ள நிகழ்ச்சிக்கு அரசு வளாகம் எப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மதபோதனை இல்லாத பொது முகாமுக்கு மட்டுமே அப்படிப்பட்ட இடத்தைக் கேட்க முடியும்.

இதிலேதான் மிகப் பெரிய ஆட்சேபம் வருகிறது. சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று சொல்வார்கள். இந்த ஆட்சேபத்தை வெறும் வன்மம் என்று தள்ளிவிடுவது தவறு. திருவாமாத்தூர் தேவார மூவரும் பாடிய சிவத்தலம். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் கௌமார மடம் நிறுவிய ஊர். சித்திரை வைகாசியில் சுற்றுவட்டாரமெங்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கும். இந்த மண்ணில் தன் குழந்தை பசிக்காக ஒரு முகாமுக்குப் போய் வேறு நம்பிக்கையோடு திரும்பி வருமோ என்று ஒரு தாய் அஞ்சுவது இயல்பு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனங்களில், வயது வராத மாணவரைப் பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல் மதபோதனையில் ஈடுபடுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. பத்து நாள் முகாமைச் சட்டப்படி அது கட்டுப்படுத்தாது என்றாலும், சபை தானாகவே அந்த அளவுகோலை ஏற்றுக்கொள்வதே நேர்மை. காலை முதல் மதியம் வரை படிப்பு, விளையாட்டு, கைவேலை, சாப்பாடு எல்லோருக்கும். வேதபாடம் மாலையில் ஆலயத்தில், பெற்றோர் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும். கால அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும், எந்தப் பெற்றோரும் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று அதிலேயே எழுத வேண்டும். தேதி குறிக்கும்போது கோயில் திருவிழாவைக் கேட்டுக் குறிக்க வேண்டும். விடிய விடியக் கூத்துப் பார்த்த பிள்ளை காலையில் முகாமுக்கு வராது என்பது ஒரு காரணம், திருவிழா நாளில் போட்டியாக நிற்பது அண்டை வீட்டாருக்கு அழகில்லை என்பது இன்னொரு காரணம். அப்படியானால் சபைக்கு இதில் என்ன ஊழியம் என்று சபைக்குள்ளிருந்தே கேட்பவர்கள் உண்டு. பசித்தவனுக்கு உணவு கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று போதித்தவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழவே கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் குழந்தைகளின் பாதுகாப்பு. இதில் நான் ஆட்சேபிக்கிறவர்களின் பக்கம். தன்னார்வலர் என்ற சொல்லுக்கு நம் சபைகளில் அளவுக்கு மீறிய மரியாதை இருக்கிறது. ஆர்வத்தோடு வருகிறவரிடம் யார், எங்கே வேலை பார்த்தார், ஏன் அங்கிருந்து விலகினார் என்று கேட்பதே அவமதிப்பு என்று நினைக்கிறோம். 2012-இன் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. ஆயருக்கும் மூப்பருக்கும் அதில் விலக்கு இல்லை. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதற்குக் கீற்றுக் கூரையும் சமையல் தீயும் நெருங்கி இருந்தது முக்கியக் காரணம். முகாமுக்குக் கீற்றுப் பந்தல் போட்டு அருகிலேயே விறகடுப்பு மூட்டுகிறவர்கள் அந்தத் தீயை மறக்கக் கூடாது. இரவு தங்கும் முகாமைத் தொடக்க ஆண்டுகளில் நினைக்கவே வேண்டாம். பகல் முகாம் போதும். ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியே இருக்கும் நிலை எந்த நேரத்திலும் வரக் கூடாது, ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் இருக்க வேண்டும், 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே மனப்பாடம் செய்விக்க வேண்டும். ஏரிக்கோ கிணற்றுக்கோ கூட்டிப்போகக் கூடாது. இவற்றைச் செய்ய ஆளில்லாத சபை முகாமைத் தள்ளிப்போடட்டும்.

பத்து நாளில் என்ன மாறிவிடும், இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை அல்லவா என்றும் கேட்கலாம். அரசு செய்ததே தன்னார்வலர்களைக் கொண்டுதான். 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தங்கள் திண்ணைகளிலும் தெருக்களிலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். ஊரடங்கில் இழந்த கற்றலைத் தமிழகக் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு மீட்டார்கள் என்று அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆராய்ந்தபோது, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததையும் கண்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் துணை நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் திட்டத்துக்கு ஒரு எல்லை இருந்தது. திண்ணை என்பது ஒரு தெருவின் திண்ணை. நம் கிராமங்களில் தெரு என்றால் பெரும்பாலும் ஒரு சாதி. படிப்பு பிள்ளைகளின் வாசலுக்கு வந்தது, பிள்ளைகள் தெருவைத் தாண்டவில்லை. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவன் சாதி வன்மத்தால் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிற்றிலிருந்து பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை நீக்கச் சொன்னது. அடையாளங்களை நீக்குவது அரசால் முடியும். அந்த அடையாளம் இருந்த இடத்தில் ஒரு நட்பை வைக்க அரசாணையால் முடியாது, அதற்கு ஒன்றாக வேலை செய்த நினைவு வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூரில் கிராமத் தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு முகாம்களுக்கு வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள், வந்தவர்களோ மிகச் சிலர் என்பதையும் பார்க்கிறோம். யார் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதும் முகாம் வேலையில் பாதி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு நிதியை எதிர்பார்த்துத் தொடங்க வேண்டாம். 2010-இன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் சிக்கல் ஒருபுறம் இருக்க, ஊர்க்காரர்களின் சந்தேகத்துக்கும் அது தீனி போடும். தமிழ்ச் சபைகளுக்கு இதற்கான சொந்த வழி இருக்கிறது. சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியை ஒதுக்கி ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை நம் பெண்கள் வளர்த்த மரபு. 1903-இல் வே.ச. அசரியா முன்னின்று தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், இந்தியர் பணத்தில் இந்திய ஊழியர்களால் நடக்க வேண்டும் என்ற உறுதியோடு பிறந்து வளர்ந்தது. இரு தெருப் பெண்களும் கொண்டுவரும் பிடியரிசி ஒரே பானையில் விழட்டும்.

மிச்சமிருப்பது எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம், அதை வெளியே இருப்பவர்கள் சொல்லமாட்டார்கள். சபையாரே சொல்வார்கள். இப்படிக் கலந்து வைத்தால் நம் வீட்டுப் பிள்ளையை அனுப்பமாட்டோம், சந்தாவை நிறுத்துவோம், வேறு சபைக்குப் போவோம். முதலில் எல்லோரும் வரட்டும், கலப்பதைப் பிறகு மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று நல்ல மனிதர்களே யோசனை சொல்வார்கள். வில்சன் காலத்திலிருந்து நம் சபைகள் கேட்டுவரும் யோசனைதான் இது. அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை, இறையூரில் அது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. கூட்டத்தைக் காட்டுவதற்காகப் பிரித்து உட்காரவைத்தால், பிரிவுக்கு ஆலயத்தின் ஆசீர்வாதத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம். பழகும் முன் பிரிக்கப்பட்ட பிள்ளைகளைப் பின்னால் சேர்ப்பது கடினம், முதலிலேயே பழகிய பிள்ளைகளைப் பின்னால் பிரிப்பதும் அதே அளவு கடினம். முதல் ஆண்டில் இருபது பிள்ளைகளே வந்தாலும், அந்த இருபதும் இரண்டு தெருவிலிருந்தும் வந்திருந்தால் முகாம் தொடங்கிவிட்டது என்று பொருள். நூற்றைம்பது பேர் வந்து எல்லோரும் ஒரே தெருவினராக இருந்தால், ஆண்டறிக்கையில் வருகை எண்ணிக்கையை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. எத்தனை பேர் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை, அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டபோது என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி, சபைக் கூட்டத்தில் எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும்.